மக்ரோவில போல்டர் பாதையையும் பைல் பெயரையும் பிரிக்கேலாமல் கிடக்கு, அவசரம்

கண்டாவளைப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எக்செல் மக்ரோ (தானா ஓடுற கட்டளைத் தொடர்) ஒண்டு. போல்டருக்குள்ள கிடக்கிற பைல் எல்லாத்தையும் ஒண்டொண்டாத் திறந்து ஒரே ஷீட்டில சேர்க்க வேணும். ஏ நிரலில போல்டர் பாதை, பி நிரலில பைல் பெயர். பிரிக்கிற இடத்தில பிழைக்குது, பெயர் சரியா வருதில்லை. போன போகம் இதே மக்ரோ ஒழுங்கா ஓடினது. திங்கட்கிழமை சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம். அதுக்கு முதல் ஒவ்வொரு கமக்கார அமைப்பின்ரை ஏக்கர்ப் பங்கு விபரமும் சேர்த்துக் குடுக்க வேணும். தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
தம்பி, "சரியா வருதில்லை" எண்டா என்ன வருது? வெறுமையா வருதா, பாதிப் பெயர் வருதா, இல்லாட்டி எரர் காட்டுதா? எக்செல் எந்தப் பதிப்பு? முழுப் பாதை ஒண்டை அப்பிடியே இஞ்சை ஒட்டிவிடுங்கோ.

வவுனியா வாசி:
இது வன் ட்ரைவ் (மைக்ரோசொப்ற்றின்ரை இணையச் சேமிப்பு) வேலை, எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. வன் ட்ரைவோட இணைஞ்ச போல்டரில பைலைத் திறந்தா, "திஸ்வேர்க்புக்.பாத்" சி ட்ரைவ் பாதையைத் தராது, இணைய முகவரியைத்தான் தரும். அதில இருக்கிறது முன்சாய்ஞ்ச கோடு. நீங்கள் பின்சாய்ஞ்ச கோட்டைத் தேடினா விடை பூச்சியம், வெட்டினா போல்டர் வெறுமை. எங்கட கந்தோரில இதால எல்லாரும் மண்டையைப் பிய்ச்சுக்கொண்டு நிண்டவை. முதல்ல வன் ட்ரைவை நிப்பாட்டிப் பாருங்கோ.

பழைய வாத்தியார்:
இதுக்கு இஞ்சை எத்தினை தரம் பதில் சொல்லியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தரிட்டையும் இல்லை. பால பாடம் இது. கடைசிச் சாய்கோடு எங்கை நிக்குது எண்டு பின்னால இருந்து தேட வேணும், அவ்வளவுதான். ஃபோனில தமிழில அடிக்கிறன், நீர் கட்டளையளை ஆங்கிலத்தில மாத்தி அடியும், "முழுசு" எண்டா முழுப் பாதை:

இடம் = இன்ஸ்ட்ரெவ்(முழுசு, "\")
போல்டர் = லெஃப்ட்(முழுசு, இடம்)
பெயர் = மிட்(முழுசு, இடம் + 1)

ஒபிஸ் 2000இல இருந்து இன்ஸ்ட்ரெவ் இருக்கு. 97இல நாங்கள் கடைசி எழுத்தில இருந்து ஒவ்வொண்டாப் பின்னுக்கு வந்து தேடினனாங்கள். உங்களுக்கு எல்லாம் கைக்குள்ள இருக்கு, ஆனாப் பாவிக்கத் தெரியேல்லை.

மல்லாவி மைந்தன்:
வாத்தியார், ஸ்பிலிற் இதைவிடச் சுகம். ஸ்பிலிற்(முழுசு, "\") எண்டு துண்டாக்கினா, யூபவுண்ட் இடத்தில இருக்கிற கடைசித் துண்டுதான் பெயர். நான் எல்லாத்துக்கும் இதைத்தான் பாவிக்கிறன்.

பழைய வாத்தியார்:
பெயருக்குச் சரி. போல்டருக்கு? துண்டெல்லாத்தையும் திரும்ப ஒட்டுவீரோ? இன்னொண்டும் கேளும். கனபேர் லெஃப்ட்டில "இடம் - 1" போட்டு அந்தச் சாய்கோட்டைக் கழிச்சு விடுவினம். பைல் நேரா ட்ரைவின்ரை அடியில இருந்தா மிஞ்சிறது "ஈ:" மட்டும். சாய்கோடு இல்லாட்டி விண்டோஸ் அதை ஈ ட்ரைவின்ரை அடி எண்டு எடுக்காது, அந்த ட்ரைவில அந்த நேரம் எந்தப் போல்டரில நிக்குதோ அதைத்தான் எடுக்கும். அதால சாய்கோட்டை விட்டு வையுங்கோ.

கண்டாவளைப் பொடியன்:
எக்செல் 2016. வன் ட்ரைவ் இல்லை, பென் ட்ரைவ். வாத்தியார் சொன்னது என்ரை மக்ரோவில ஏற்கனவே இருக்கு. பெயர் நிரலில கேள்விக்குறிதான் வருது, பிறகு பைலைக் காணேல்லை எண்டு நிக்குது. முதலாவது பைலுக்கு ஏழு கேள்விக்குறி.

வவுனியா வாசி:
பென் ட்ரைவ் எண்டாலும் லப்டொப்பில வன் ட்ரைவ் ஓடுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

ஐ.சி.ரி. ரீச்சர்:
தம்பி, முதலாவது பைலுக்குப் பெயர் "ஊரியான்" எண்டு தமிழிலயா இருக்கு? கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடில (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற முறை) எண்ணிப் பாருங்கோ: ஊ, ர, இகர விசிறி, ய, அரவு, ன, புள்ளி. ஏழு. பைல் பட்டியலை "டிர்" எண்ட கட்டளையாலதானே எடுக்கிறீங்கள்?

கண்டாவளைப் பொடியன்:
ஓம் ரீச்சர், ஊரியான்தான்! டிர்தான். போன போகம் நான்தான் பெயரெல்லாம் இங்கிலீஷில வைச்சனான். இந்த முறை அமைப்புச் செயலாளர்மாரே தமிழில பெயர் வைச்சுத் தந்தவை. முரசுமோட்டை, பன்னங்கண்டி, உருத்திரபுரம் எல்லாம் அப்பிடித்தான்.

பழைய வாத்தியார்:
அப்ப முடிஞ்சுது கதை. பைலுக்குத் தமிழில பெயர் வைக்கக் கூடாது எண்டு எந்தக் காலத்தில இருந்து சொல்லுறன். எல்லாத்தையும் இங்கிலீஷில மாத்தும்.

மல்லாவி மைந்தன்:
ஏன் வைக்கக் கூடாது? ஊர்ப் பெயரை ஊராக்கள் தங்கட எழுத்தில எழுதினது குற்றமோ? பன்னங்கண்டியை இங்கிலீஷில பத்துப் பேர் பத்து விதமா எழுதுவினம். பிறகு எதோட எதைச் சேர்க்கிறது?

பழைய வாத்தியார்:
பாமினி எழுத்துரு காலத்தில இந்தக் கரைச்சல் ஒண்டும் இருக்கேல்லை. எல்லாம் ஆங்கில எழுத்துக்குள்ளயே அடங்கிச்சு.

மல்லாவி மைந்தன்:
பாமினியில "ஈ" அடிக்கிற விசை இடப்பக்கக் கோண அடைப்புக்குறி. விண்டோஸ் பைல் பெயரில அந்தக் குறியை விடாது. ஈச்சங்குளத்துக்கு எப்பிடிப் பெயர் வைச்சனீங்கள்? மற்றப் பெயரெல்லாம் போல்டருக்குள்ள பார்க்க ஒருத்தருக்கும் வாசிக்கேலாத ஆங்கில எழுத்துக் குவியல். கரைச்சல் இருக்கேல்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. தமிழ் விசைப்பலகைக்கும் எழுத்துக்குறிக்கும் எஸ்.எல்.எஸ். 1326 எண்டு நாட்டுத் தரமே 2008இல வந்திட்டுது.

குளக்கட்டு:
அண்ணையாக்கள், பொடியனுக்குத் திங்கட்கிழமை கூட்டம். அதை முதல்ல பாப்பம்.

ஐ.சி.ரி. ரீச்சர்:
தம்பி, உங்கட வெட்டுற வரியில பிழை இல்லை. மக்ரோவுக்குள்ள சொற்சரங்கள் யூனிகோடுதான். லெஃப்ட், மிட், இன்ஸ்ட்ரெவ், ஸ்பிலிற் நாலும் தமிழை ஒழுங்கா வெட்டும். பிழை அதுக்கு முதல்ல, டிரில. அது பழைய எழுத்துக்குறிப் பக்கத்துக்கால (ஒரு மொழிக்குரிய எழுத்துப் பட்டியல்) பெயரை எடுக்குது. விண்டோஸில தமிழுக்கு அப்பிடி ஒரு பக்கம் இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. அதால தெரியாத எழுத்து ஒவ்வொண்டுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தருது. அந்தப் பெயரில பைல் இல்லை, திறக்கப் போனாக் காணேல்லை எண்டுதான் சொல்லும்.

டிரை விட்டிட்டுப் பைல் சிஸ்டம் ஒப்ஜெக்டைப் பாவியுங்கோ:

செற் முறை = கிரியேற்ஒப்ஜெக்ட்("ஸ்கிரிப்டிங்.பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்")
ஃபோர் ஈச் பைல் இன் முறை.கெற்போல்டர்(பாதை).பைல்ஸ்

உள்ளுக்கு பைல்.நேம் எண்டாப் பெயர், பைல்.பேரன்ற்போல்டர்.பாத் எண்டாப் போல்டர். ரெண்டும் தனித்தனியாவே வருது. நீங்கள் ரெண்டையும் ஒட்டிப்போட்டுப் பிறகு வெட்டிக்கொண்டு நிக்கிறீங்கள், அந்த வேலையே தேவையில்லை. முழுப் பாதை மட்டும் கையில இருந்தா கெற்பைல்நேம், கெற்பேரன்ற்போல்டர்நேம் ரெண்டும் பிரிச்சுத் தரும். பைல் நேரா ட்ரைவின்ரை அடியில இல்லாட்டி, பின்னது கடைசிச் சாய்கோடு இல்லாமல் தரும், ஒட்டேக்க அதை நீங்கள் சேர்க்க வேணும்.

மூண்டு விஷயம் கவனம். கோட் எழுதிற சாளரத்துக்குள்ள தமிழை அடிச்சா அதுவும் கேள்விக்குறியாகும். போல்டர் பாதையை ஒரு கலத்தில எழுதி, அதில இருந்து மக்ரோவை வாசிக்க விடுங்கோ. மெசேஜ் பொக்ஸில போட்டுச் சரி பிழை பார்க்க வேண்டாம், அது தமிழைக் காட்டாது, கலத்தில எழுதிப் பாருங்கோ. அடுத்தது, எக்செல் பைல் திறந்து கிடக்கேக்க அலைக்குறியும் டொலர்க்குறியும் முன்னுக்கு வைச்ச மறைஞ்ச பைல் ஒண்டு பக்கத்தில உருவாகும். டிர் அதை விட்டிட்டுப் போகும், இந்த முறை விடாது. "~$" எண்டு துவங்கிற பெயரைக் கழியுங்கோ.

வவுனியா வாசி:
விண்டோஸ் 10இல யூடிஎஃப் 8 (யூனிகோடின்ரை ஒரு வடிவம்) எண்டு ஒரு சோதனைத் தெரிவு இருக்கு, பிராந்திய அமைப்புக்குள்ள. அதைப் போட்டா டிரும் வேலை செய்யுமே?

ஐ.சி.ரி. ரீச்சர்:
செய்யக்கூடும். ஆனா அது முழுக் கொம்பியூட்டரையும் மாத்தும், பழைய மென்பொருள் ஏதும் இருந்தா எழுத்துக் குழம்பும். கந்தோர் மெஷினில ஒரு மக்ரோவுக்காக அதைத் தொட வேண்டாம்.

பழைய வாத்தியார்:
ரீச்சர் சொன்ன முறை ஓடும். எண்டாலும் இங்கிலீஷில பெயர் வைச்சா இவ்வளவும் எழுதத் தேவையில்லை.

மல்லாவி மைந்தன்:
பைல் சிஸ்டம் ஒப்ஜெக்ட் வந்தும் எத்தினையோ வருஷம். பழைய கட்டளைக்காக ஊர்ப் பெயரை மாத்தச் சொல்லுறீங்கள். சிறுபோகத்துக்கு முழுக் காணிக்கும் தண்ணி காணாமல் பங்கு போடுற இடம் இது. பெயர் மாறிப் போனா ஒரு அமைப்பின்ரை ஏக்கர் இன்னொரு அமைப்பில போய் விழும். தாங்கள் எழுதின பெயரிலயே பட்டியல் வந்தாத்தான் செயலாளர்மார் பார்த்துச் சரி பிழை சொல்லுவினம்.

கண்டாவளைப் பொடியன்:
ஓடிட்டுது. எல்லா ஊரும் தமிழிலயே வந்திருக்கு. "~$" ஒண்டு வந்தது, கழிச்சாச்சு. நன்றி ரீச்சர், எல்லாருக்கும் நன்றி.

குளக்கட்டு:
சந்தோசம் தம்பி. முழு மக்ரோவையும் போட்டுவிடுங்கோ, பின்னால வாறாக்களுக்கு உதவும்.

மாங்குளம் சந்தி:
இதையே லிப்ரே ஒபிஸில செய்ய வேணும். எங்களிட்டை எக்செல் இல்லை. பாதை "ஃபைல்:///" எண்டு துவங்கி, தமிழ் இருக்கிற இடமெல்லாம் சதவீதக்குறியாக் கிடக்கு.

ஐ.சி.ரி. ரீச்சர்:
அது இணைய முகவரி வடிவம். கொன்வேர்ட்ஃப்ரம்யூஆர்எல் எண்ட கட்டளைக்குக் குடுங்கோ, தமிழ்ப் பெயரோட வழமையான பாதை வரும். பிறகு கெற்பாத்செப்பரேற்றர் தாற குறியால ஸ்பிலிற் பண்ணுங்கோ. உபுண்டுவில முன்சாய்ஞ்ச கோடு, விண்டோஸில பின்சாய்ஞ்சது. நீங்கள் எதில ஓட்டுறீங்கள்?