தேய்நிலை, தேய்வாசி: பழங்காசுக்கு இரண்டு கலைச்சொற்கள்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

எங்கள் ஊரில் நாணயம் சேர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து, புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதுகிறோம். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய், காலணா, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காசு, கொஞ்சம் சோழர் காசு, இவ்வளவுதான் அதில் வரும். ‘கிரேடு’ என்ற சொல்லில் வந்து நிற்கிறோம். காசு எந்த அளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்ல வியாபாரிகள் ஃபைன், வி.எஃப்., எக்ஸ்.எஃப்., யூ.என்.சி. என்கிறார்கள். ‘தரம்’ என்று எழுதினேன். படித்த முதல் ஆளே, “தரம்னா வெள்ளியோட மாத்தா?” என்று கேட்டார். வேறு நல்ல சொல் உண்டா?

– ஈரோட்டிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

‘தரநிலை’ என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றோடு குழப்பம் வராது. படிகளுக்கு என் பரிந்துரை: குட் என்பதற்கு ‘நன்று’, வெரி குட் ‘மிக நன்று’, ஃபைன் ‘நேர்த்தி’, வெரி ஃபைன் ‘மிகு நேர்த்தி’, எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் ‘உயர் நேர்த்தி’. யூ.என்.சி.க்கு ‘புழங்கா நாணயம்’.

– சென்னையிலிருந்து

* * *

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘புழங்கா நாணயம்’ அருமை, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றைக் கையேட்டில் போட்டால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.

வியாபாரி ‘குட்’ என்று சொல்லும் காசைக் கையில் வாங்கிப் பாருங்கள். அரசர் முகம் மொழுக்கென்று இருக்கும். தலையின் சுற்றுவரை தெரியும், ஆண்டு ஒருவழியாகத் தெரியும், அவ்வளவுதான். 70 வரை போகும் அளவுகோலில் அதற்கு எண் 4. ‘ஃபைன்’ என்றால் 12. ‘வெரி ஃபைன்’ 20-இல் தொடங்குகிறது. புழங்காத காசு 60 முதல். பாதிக் கிணறுகூடத் தாண்டாத காசுக்கு ‘நேர்த்தி’ என்று பட்டம் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு வியாபார வழக்கம் இருந்திருக்கிறது. நாம் ஏன் அந்தப் பட்டத்தை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

அந்த 70 எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே வேண்டியதுதான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல், தம் நாட்டின் பழைய பெரிய செம்பு ‘சென்ட்’ காசுகளுக்காக வகுத்த கணக்கு அது. மிக மட்டமான நிலையில் உள்ள காசு ஒரு மடங்கு விலை என்றால், குறையே இல்லாதது எழுபது மடங்கு. அதாவது எண்ணே விலையின் பெருக்கல். சந்தை அந்தப் பெருக்கலைச் சீக்கிரமே உடைத்துவிட்டது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன, இன்று உலகம் முழுக்க எல்லாக் காசுக்கும் ஒட்டுகிறார்கள். (இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த பிறகுதான், நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்துச் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை மாற்றி வைத்திருந்தது வெளியே வந்தது. படி வகுத்தவருக்குப் படி தெரியாமலா இருக்கும்!)

சரி, சொல்லுக்கு வருகிறேன். காசைப் பார்ப்பவர் உண்மையில் என்ன பார்க்கிறார்? சாய்வான வெளிச்சத்தில் காசைத் திருப்பித் திருப்பி மேடுகளைத்தான் பார்க்கிறார். பை, மடி, கல்லா, கை என்று எங்கே உரசினாலும் முதலில் தேய்வது மேடு. ஏழாம் எட்வர்ட் ரூபாயில் அரசர் தலையில் கிரீடம் கிடையாது, அதனால் காதும் அதன் மேல் உள்ள முடியும் முதலில் போகும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் மணிகள், காது, அப்புறம் அங்கியில் தொங்கும் சங்கிலியில் உள்ள குட்டி யானை. 1911-இல் வந்த முதல் ரூபாயில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்து, எதிர்ப்புக் கிளம்பி, ஆண்டு முடிவதற்குள் வெளியிடுவதை நிறுத்தினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று இன்றும் பெயர். அந்த யானை தெளிவாகத் தெரியும் 1911 ரூபாய்க்கு ஒரு விலை, யானை இருந்த இடம் வழவழவென்று இருக்கும் 1911 ரூபாய்க்கு வேறு விலை. இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே வெள்ளி. தேய்வு ஒன்றுதான் வித்தியாசம்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் ‘தேய்’ இருந்தாக வேண்டும். ‘தேய்மானம்’ ஏற்கெனவே கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது, இயந்திரத்தின் ஆண்டுத் தேய்மானம் என்று. நான் ‘தேய்நிலை’ என்கிறேன்.

இந்தச் சொல் வேண்டாதவற்றை வெளியே நிறுத்தவும் உதவும். எனக்கு அதுதான் முக்கியம். காசில் உருவம் தெரியாமல் போக மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, புழங்கித் தேய்ந்தது. இரண்டாவது, யாரோ சேதப்படுத்தியது. மூன்றாவது, காசு அடிக்கும் அக்கசாலையிலேயே அச்சு சரியாக விழாதது. ‘தரநிலை’ என்றால் மூன்றும் உள்ளே வந்துவிடும். ‘தேய்நிலை’யில் முதலாவது மட்டுமே வரும்.

சேதத்துக்கு நம் பக்கத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ரோமானியப் புதையலில் 501 பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. அந்த வெட்டைத் தேய்வு என்று யார் சொல்வார்கள்? காசைக் காசாகச் செல்லவிடாமல் செய்ய வேண்டுமென்றே போட்ட வெட்டு என்பது ஆய்வாளர்கள் பலர் கருத்து. காசுமாலைக்காக வளையம் வைத்துப் பற்றவைத்த சவரனும் இந்த வகைதான். வளையத்தை எடுத்துவிட்டு மெருகு போட்டாலும் விளிம்பில் தடம் இருக்கும், கைக்கண்ணாடிக்குத் தப்பாது. துளையும் அப்படியே. ஆனால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவின் ஓட்டை அக்கசாலை போட்டது, அதைச் சேதக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்தப் பிரிவினை சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1906-ஆம் ஆண்டு இந்திய நாணயச் சட்டமே இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னது. வெள்ளி ரூபாய் செல்லுபடியாக, எடை நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. அதோடு சிதைக்கப்பட்டும் இருக்கக் கூடாது. ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். சட்டம் பொறுத்துக்கொண்ட தேய்வு ஏறக்குறைய கால் கிராம்.

அச்சுக்குறையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நம் பழைய செம்புக் காசுகளில் அச்சு பெரிது, காசு சிறிது. பாதி உருவம் காசுக்கு வெளியே போயிருக்கும். அது தேய்வே இல்லை. இருக்கிற பாதியில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அச்சைச் சந்தேகிக்க வேண்டும். மேடு மட்டும் தட்டையாகி, பள்ளத்தில் உள்ள கோடுகள் கூர்மையாக நின்றால் அது தேய்வு. வெள்ளியில் இன்னும் எளிது. தட்டையான இடத்திலும் அச்சடித்த நாளின் மினுக்கம் சுற்றுப்புறத்தைப் போலவே இருந்தால், அங்கே யார் விரலும் தேய்க்கவில்லை என்று பொருள்.

படிகளுக்கும் பாராட்டுப் பெயர் வேண்டாம், கண்ணில் படுவதையே சொல்வோம்: மழுங்கல், வரையுரு, இடைத்தேய்வு, மேட்டுத்தேய்வு, புழங்காதது. வரையுரு என்றால் உருவத்தின் சுற்றுவரை மட்டும் தெரிவது. மேட்டுத்தேய்வு என்றால் மேடுகளின் நுனி மட்டும் போயிருப்பது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காசையும் சொல்லையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க முடியும்.

– கோவையிலிருந்து

* * *

ஐயா,

மூன்றையும் பிரித்தது மிகச் சரி. ஆனால் ‘தேய்நிலை’யில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷெல்டன் எண் ஏற ஏறத் தேய்வு குறைகிறது. ‘தேய்நிலை 65’ என்று எழுதினால் நம் வாசகர் அறுபத்தைந்து பங்கு தேய்ந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். சொல் ஒரு பக்கம் இழுக்கும், எண் மறு பக்கம் இழுக்கும்.

இன்னொன்று. கையேட்டில் தேய்வைச் சொன்னால் மட்டும் போதாது, அதனால் விலை எவ்வளவு குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: வாசி. காசு மாற்றும்போது மட்டமான காசுக்குப் பிடித்துக்கொள்ளும் வித்தியாசம். பஞ்ச காலத்தில் திருவீழிமிழலைக் கோயிலில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒரு காசு கிடைத்தது. சம்பந்தர் பெற்ற காசுக்கு மட்டும் கடைக்காரர்கள் வாசி கேட்டார்கள். அப்போது அவர் பாடியது, ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் விலை பேசும்போது ‘அன்றாடு நற்காசு’, ‘நற்பழங்காசு’ என்று வருவதும் இந்தத் தகராறு வராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். காசு சோதிப்பவருக்கு ‘வண்ணக்கன்’ என்று சங்க காலத்திலேயே பெயர் உண்டு. புலவர் பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வைத்துக்கொண்டு நாம் புதிதாகச் சொல் தேட வேண்டுமா?

– தஞ்சையிலிருந்து

* * *

வணக்கம். ஒரு சின்னக் குறிப்பு மட்டும். எங்கட பக்கம் ‘வாசி’ எண்டால் நன்மை, அனுகூலம். ‘எனக்கு வாசியாப் போச்சு’ எண்டுதான் சொல்லுவம். விலையைக் குறைக்கிறதுக்கு அந்தச் சொல்லைத் தனியப் போட்டால் எங்கட பிள்ளைகள் தலைகீழா விளங்கிக்கொள்ளுவினம். படிக்கிற ‘வாசி’ வேற இருக்கு.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

அன்புள்ள நண்பர்களுக்கு,

எண்ணுக்கு என் பதில்: தேய்நிலைக்குப் பக்கத்தில் எண்ணே போட வேண்டாம். எண் தேவைப்படும் இடத்தில் ‘ஷெல்டன் எண் 40’ என்று தனியாகப் போடுவோம். வெப்பத்தைச் சொல்லும்போது செல்சியஸ் என்று அளவுகோலின் பெயர் சொல்வதில்லையா, அப்படி. தொடக்கநிலைப் பிள்ளைக்கு 40-க்கும் 45-க்கும் வித்தியாசம் தேவையே இல்லை. அனுபவம் உள்ளவர்களே அதில் ஒத்துப்போவதில்லை.

‘வாசி’யை விட மனமில்லை. விலைவாசி என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். யாழ்ப்பாண நண்பர் சொன்னது கவனிக்க வேண்டியது, அதனால் தனியே விடாமல் ‘தேய்வாசி’ என்று சேர்த்தே எழுதலாம். தேய்வினால் விலையில் விழும் குறைவு. துளை, வெட்டு, பற்றவைப்பு, புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பு இவற்றால் விழும் குறைவுக்குப் ‘பழுதுவாசி’. புளியைப் பற்றிக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். செம்புக் காசின் பழைய பழுப்பை எடுத்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்து, “புத்தம் புதுசு மாதிரி இருக்கு பாருங்க” என்பவர்கள் அதிகம். தேய்நிலை அப்படியேதான் இருக்கும், மேலே ஒரு பழுதுவாசி ஏறிவிட்டிருக்கும். பச்சைப் பொடி உதிரும் களிம்பு மட்டும் வேறு விஷயம். அதை விட்டால் காசையே தின்றுவிடும், தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

தேய்வாசியை இத்தனை பங்கு என்று யாரும் வாய்ப்பாடு எழுதிவிடவும் கூடாது. சாதாரண ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் மழுங்கிப்போனால் விலை விழுந்து விழுந்து வெள்ளி விலையில் போய் நிற்கும். 917 மாற்று வெள்ளி, 10.7 கிராம் சுமார் இருக்கும், அதற்குக் கீழே எந்தத் தேய்வாசியும் இறக்காது. இதே 1939-ஆம் ஆண்டு ரூபாய் என்றால் கதை வேறு. தேய்ந்திருந்தாலும் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள். அதனாலேயே போலியும் நிறைய, அங்கே தேய்வைப் பார்ப்பதற்கு முன்னால் காசு அசலா என்று பார்க்க வேண்டும். 1947 நிக்கல் ரூபாயில் வெள்ளியும் இல்லை, உலோகம் கடினம் என்பதால் எளிதில் தேய்வதும் இல்லை. தேய்ந்ததை வாங்க ஆள் கிடையாது.

கும்பினியின் 1808-ஆம் ஆண்டு ‘20 காசு’ நாணயத்தைப் பாருங்கள். பர்மிங்காமில் அச்சடித்து மதராஸுக்குக் கப்பலேற்றினார்கள். ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற அந்தக் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் காசுகளை மேலே எடுத்தார்கள். ஒரு கையும் படாத காசுகள், ஏராளமாக. புழங்காத கும்பினிக் காசு திடீரென்று மலிந்தது. அவற்றில் பலவற்றின் தேய்நிலையில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, ஆனால் கடல் அரித்த புள்ளிகள் இருக்கும். அது பழுதுவாசி. நம் ஊரில் புழங்கித் தேய்ந்த அதே காசுக்குப் பழுதுவாசி இல்லை, தேய்வாசிதான். இரண்டு சொல்லும் இருந்தால்தான் இந்த இரண்டு காசையும் பக்கத்தில் வைத்து விலை பேச முடியும்.

சோழர் காசில் எல்லாமே கொஞ்சம் மாறும். இராசராசன் செம்புக் காசு பெரும்பாலும் தேய்ந்துதான் கிடைக்கும், மேட்டுத்தேய்வையெல்லாம் அங்கே யாரும் தேடுவதில்லை. உட்கார்ந்திருக்கும் உருவத்தின் கைக்குக் கீழே நாகரியில் ‘ராஜராஜ’ என்பது வாசிக்கக் கிடைக்கிறதா? விலை அதில்தான் இருக்கிறது.

– கோவையிலிருந்து

* * *

ஐயா, அந்தக் கடைசி வரிகளிலேயே யாழ்ப்பாண நண்பர் பயந்த ‘வாசி’ வந்துவிட்டது, பார்த்தீர்களா! ‘படிக்கக் கிடைக்கிறதா’ என்று எழுதுங்கள். ‘தேய்வாசி’, ‘பழுதுவாசி’ இரண்டுக்கும் என் சம்மதம்.

– தஞ்சையிலிருந்து

* * *

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“தேய்நிலை: புழக்கத்தினால் மட்டும் ஒரு நாணயத்தின் மேடுகள் எந்த அளவு குறைந்துள்ளன என்பது. துளை, வெட்டு, மெருகு, அச்சுக்குறை இதில் சேரா. தேய்வாசி: தேய்நிலை காரணமாக விலையில் ஏற்படும் குறைவு. இது காசுக்குக் காசு மாறும். காசின் விலையோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் அரிய காசில் சிறிதாகவும், மலிவான காசில் பெரிதாகவும் இருக்கும். வெள்ளி, பொன் காசுகளில் உலோக விலைக்குக் கீழே இறக்காது.”

ஷெல்டன் எண்களைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டேன். ‘வரையுரு’ என்பதை எங்கள் பிள்ளைகள் இருவர் ‘வரைந்த உரு’ என்று படித்தார்கள், அதனால் ‘சுற்றுவரை’ என்று மாற்றியிருக்கிறேன். ‘நேர்த்தி’யைச் சென்னை நண்பர் மன்னிக்க வேண்டும். எட்வர்ட், ஜார்ஜ் ரூபாய்களுக்கு எந்த மேடு முதலில் தேயும் என்று படத்தில் அம்புக்குறி போட்டுவிட்டேன். விக்டோரியா ரூபாய்க்கும் சோழர் காசுக்கும் படம் அனுப்புகிறேன், கோவை ஐயா குறித்துத் தர வேண்டும்.

– ஈரோட்டிலிருந்து