‘கொழுப்பளவி’ சரியா? ‘கருதளவி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

என் கேள்விக்கு இத்தனை பேர் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதியதற்கு நன்றி. நடுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இங்கே தமிழ்ப்பள்ளித் திடலைச் சுற்றித் தினமும் காலையில் நடக்கும் எங்கள் குழுவுக்கு, உடற்கொழுப்பு விழுக்காடு பற்றி நான்கு பக்கக் கையேடு எழுதுகிறேன். குழுவில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்து, ஓய்ந்தவர்கள். உடம்பில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று எண் காட்டும் கருவிகளுக்கு ஒரு பொதுப்பெயர் கேட்டிருந்தேன். வந்தவற்றில் மூன்று:

> கொழுப்பளவி. வெப்பமானி போலக் ‘கொழுப்புமானி’ என்றாலும் சரி. சுருக்கமாக இருக்கும், விளக்கமே வேண்டாம். (சென்னை ஐயா)

> கொழுப்பு மதிப்பீட்டுக் கருவி. (சிங்கப்பூர் அக்கா)

> சனத்துக்கு விளங்கிற சொல்லா ‘உத்தேசக் கணக்கு’ எண்டு விட்டால் என்ன? ஏன் புதுசா ஒண்டு உருவாக்கவேணும்? (யாழ்ப்பாணத்து அண்ணா)

ஐயாவின் சொல்லைக் கேட்டவுடன் புரிகிறது. எனக்குப் பயமே அதில்தான். ‘மானி’, ‘அளவி’ என்று முடிந்தால் மனம் வெப்பமானிக்குப் போய்விடும். காய்ச்சல் 39 என்றால் 39தான், யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கொழுப்பு 39 என்பது அந்த வகை எண் அல்ல.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 61, முப்பது வருடம் மரம் வெட்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். இரவுச் சந்தையில் சத்துமாவு விற்ற ஒருவர் அவர் இரண்டு கையிலும் ஒரு கருவியைப் பிடிக்க வைத்தார். 41 என்று காட்டியது. “உடம்பில் பாதிக்குக் கிட்டக் கொழுப்பு” என்று சொல்லி ஒரு டின்னை விற்றுவிட்டார். அக்கா மறுநாளிலிருந்து இரவுச் சோற்றை நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தவில்லை. நான்காம் நாள் காலை, திடலில் கைகால் நடுங்கி, வியர்த்து உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கியிருந்தது. சீனி போட்ட தேநீர் கொடுத்து, தெளிந்த பிறகு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “மெஷின் அளந்து சொன்னதும்மா” என்றார்.

‘அளந்து’ என்ற அந்தச் சொல் என் காதை விட்டுப் போகவில்லை. இந்தக் கையேட்டை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்தக் கருவி உண்மையில் அளந்தது என்ன? ஒரு கையிலிருந்து மறு கைக்கு மிக மெல்லிய மின்சாரம் போகும்போது வழியில் எவ்வளவு தடை என்பதை மட்டும். தசையில் தண்ணீர் அதிகம், அதனால் மின்சாரம் லேசாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அது தடுக்கும். கொழுப்பு நீங்கலான உடம்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு தண்ணீர் என்று வைத்துக்கொள்கிறார்கள். தடையிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து தசையும் மற்றவையும், மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு. இத்தனை படி ஏறி வந்ததுதான் அந்த 41. கையில் பிடிக்கும் கருவியில் மின்சாரம் தோள் வழியாகவே திரும்பிவிடும். ஏறி நிற்கும் தராசில் பெரும்பாலும் காலோடு நின்றுவிடும். நாம் கவலைப்பட வேண்டிய வயிற்றை இரண்டுமே சரியாகப் பார்ப்பதில்லை. சாப்பிட்டிருந்தால் ஒரு எண் வரும், வியர்க்க நடந்துவிட்டு வந்தால் வேறு எண். என் வீட்டுத் தராசில் வயதை மட்டும் இருபது குறைத்துப் போட்டு ஏறிப் பார்த்தேன். கொழுப்பும் குறைந்துவிட்டது! அதே உடம்பு, அதே காலை. அப்படியானால் விடையில் ஒரு பங்கு என் உடம்பிலிருந்து வரவில்லை, நான் அழுத்திய வயதிலிருந்து வந்திருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. என் அப்பா பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். பாலில் இருக்கும் ரப்பருக்குத்தான் காசு, தண்ணீருக்கு இல்லை. அதனால் கொஞ்சம் பாலை எடுத்து, தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி மெட்ரோலாக் என்ற, கோடு போட்ட மிதவைக் கருவியை மிதக்க விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ரப்பர் மிகுந்த பாலில் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் பார்த்து எவ்வளவு ரப்பர் என்று சொல்லிவிடுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. மாதிரிப் பாலை எடை போட்டு, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக உருட்டிக் காயவைத்து, காய்ந்த ரப்பரை மறுபடியும் எடை போடுவது. அதற்கு நேரம் பிடிக்கும். முதலாவதை அப்பா ‘பார்த்த கணக்கு’ என்பார், இரண்டாவதைக் ‘காய்ந்த கணக்கு’ என்பார். இரண்டும் ஒத்துவராத நாளில் ஸ்டோர் வாசலில் சத்தம் கேட்கும். மெட்ரோலாக் தொடுவது பாலின் அடர்த்தியைத்தான், ரப்பரை அல்ல. பாலில் ரப்பர் தவிர்த்த மற்றவை எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்று நம்பித்தான் அதில் கோடு போட்டிருக்கிறார்கள். மரத்தின் ரகம் மாறினாலோ, பருவம் மாறினாலோ அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

உயிரோடு இருக்கும் மனிதருக்குக் காய்ந்த கணக்கு கிடையாது. கொழுப்பை நேராகப் பிரித்து எடை போட்டது இறந்த உடல்களில் மட்டும்தான், அதுவும் மிகச் சிலவற்றில். மற்ற எல்லாமே பார்த்த கணக்கு.

நீருக்குள் எடை போடும் முறையைப் பாருங்கள், அது மெட்ரோலாக்கேதான். கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றவற்றின் அடர்த்தி 1.1 என்று கொண்டு, உடம்பின் மொத்த அடர்த்தியிலிருந்து கொழுப்பைக் கணக்கிடுகிறார்கள். சிரி என்பவர் 1961இல் கொடுத்த வாய்பாடு இன்றும் புழங்குகிறது: 495ஐ அடர்த்தியால் வகுத்து, 450ஐக் கழிக்க வேண்டும். அடர்த்தி 1.05 என்றால் 21.4 விழுக்காடு. 1.06 என்றால் 17. நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தால் விடை நான்கு புள்ளிக்கு மேல் நகர்கிறது. மூச்சை முழுவதும் விட்ட பிறகும் நுரையீரலில் ஒரு லிட்டர் அளவுக்குக் காற்று தங்கும், அதையும் கணக்கில் கழிக்க வேண்டும். அப்புறம் அந்த 1.1 எல்லாருக்கும் பொருந்துமா? எலும்பு தேய்ந்த பாட்டிக்கு அது குறைவாக இருக்கும். ஆகவே இல்லாத கொழுப்பையும் சேர்த்துக் காட்டும். காற்றறைக்குள் உட்கார வைத்துப் பார்க்கும் முறையும் இதே கணக்குதான், தண்ணீருக்குப் பதில் காற்று.

தோல்மடிப்பை இடுக்கியால் பிடித்துப் பார்க்கும் முறையில் என் மனம் அதிகம் நின்றது. டர்னின், வோமர்ஸ்லி இருவரும் 1974இல் வெளியிட்ட வாய்பாட்டில் நான்கு இடம் பிடிப்பார்கள்: மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல். அது கிளாஸ்கோவில் 16 முதல் 72 வயது வரை உள்ள 481 பேரைப் பார்த்துச் செய்த வாய்பாடு. பேராக்கில் மரம் வெட்டிய அக்காவின் தோலைப் பிடித்து, ஸ்காட்லாந்துக்காரரின் கணக்கில் போட்டுக் கொழுப்பு சொல்கிறோம்! பிடிக்கிற கை பழகிய கையாக இருந்தாலும் மூன்று நான்கு புள்ளி முன்னே பின்னே போகும்.

டெக்ஸாவை உரைகல் என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு வகை ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிரை உடம்பின் ஊடே விட்டு, எலும்பையும் கொழுப்பையும் மற்றதையும் பிரிப்பது. நமக்கு எட்டக்கூடியவற்றில் அது நல்லதுதான். ஆனால் எலும்பு குறுக்கே நிற்கும் இடத்தில் கொழுப்பையும் தசையையும் அதனால் பிரிக்க முடியாது. பக்கத்து இடத்தைப் பார்த்து அதே போல இருக்கும் என்று நிரப்பிக்கொள்கிறது. இரண்டு நிறுவனத்துக் கருவிகள் ஒரே ஆளுக்கு ஒரே எண்ணைச் சொல்வதும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் மெய்யான உரைகல்லாகக் கொள்வது அடர்த்தி, தண்ணீர், எலும்பு ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்துச் சேர்த்து, உடம்பைக் கொழுப்பு, தண்ணீர், எலும்புச் சத்து, மற்றவை என்று பிரிக்கும் நான்கு கூறு முறையை. அது நம் ஊர் கிளினிக்கில் நடக்கிற காரியம் அல்ல.

‘பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) போதுமே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்காக ஒன்று. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. அதனால்தான் கொழுப்பு விழுக்காட்டை நாங்கள் பேசியாக வேண்டும், அது எவ்வளவு உறுதியற்ற எண் என்றாலும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘மதிப்பீடு’ சிங்கப்பூரில் பொருந்தலாம். இங்கே மதிப்பீடு என்றால் வகுப்பறைசார் மதிப்பீடு, அதாவது பிள்ளைகளின் அடைவுநிலை. எங்கள் பெண்கள் தேர்வு என்றே நினைப்பார்கள், கொழுப்பில் தேறவில்லை என்று வருத்தப்படுவார்கள். ‘உத்தேசம்’ எல்லாரும் சொல்லும் சொல், எனக்கும் பிடித்ததுதான். ஆனால் வாய்க்கு வந்ததைச் சொன்னது என்ற நிழல் அதில் விழுகிறது. இந்த முறைகளுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. அது வாய்க்கு வந்தது அல்ல. நேராகப் பார்க்க முடியாததை, பார்க்க முடிந்த ஒன்றிலிருந்து கொண்டது.

அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் அறியும் வழிகளையே ‘அளவை’ என்றார்கள்: காண்டல், கருதல், உரை. மலையில் புகையைப் பார்த்து அங்கே நெருப்பு உண்டு என்று கொள்வது கருதல். தடையைப் பார்த்துக் கொழுப்பு இவ்வளவு என்று கொள்வதும் கருதல். ஆகவே இப்படிக் கிடைத்த எண் ‘கருதளவு’, அதைத் தரும் கருவி ‘கருதளவி’. ஊறுகாய் போல வினைத்தொகை, இலக்கணம் இடறாது. நேராக எடை போட்டுப் பெற்றதை ‘நேரளவு’ என்று விட்டுவிடலாம்.

கூடவே இன்னொரு இணையும் வேண்டும். எல்லாவற்றையும் ‘துல்லியம்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம். என் தராசு தினமும் காலையில், வெறும் வயிற்றில், கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. தன்னோடு தான் ஒத்துப்போகிறது. உண்மையோடு ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவது ‘தன்னொப்பு’, இரண்டாவது ‘மெய்யொப்பு’ என்று வைத்தால் என்ன? மெய் என்றால் உடம்பும்தான் என்பது இந்த இடத்தில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. மெய்யொப்பு குறைந்த கருவியிலும் தன்னொப்பு இருந்தால், மூன்று மாதத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். 41ஐ நம்ப வேண்டாம், 41 எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு இந்த இரண்டு சொல்லும் வேண்டும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

மறுமொழி, சென்னையிலிருந்து:

> அம்மா, ஒரு தடை. வெப்பமானியும் சூட்டைப் பார்ப்பதில்லை. பாதரசம் விரிவதைப் பார்த்துச் சூட்டைக் கருதுகிறது. உங்கள் கணக்கில் அதுவும் கருதளவிதானே? எல்லாம் கருதளவி என்றால் சொல்லுக்கு என்ன வேலை?
> இன்னொன்று: எங்கள் தெற்குப் பக்கத்தில் ‘கருது’ என்றால் நெற்கதிர். கருதளவு என்றால் களத்துமேட்டு அளவு என்று கேட்கும்.

மறுமொழி, சுங்கை சிப்புட்டிலிருந்து:

ஐயா, நல்ல தடை. இரண்டு நாள் யோசித்தேன்.

பாதரசம் உங்கள் வெப்பமானியில் விரிவது போலத்தான் என் வெப்பமானியிலும் விரியும். யார் வாயில் வைத்தாலும் அந்த உறவு மாறாது. கொழுப்புக் கருவியில் அந்த உறவே ஆளுக்கு ஆள் மாறுகிறது: எலும்பு, தண்ணீர், வயது, வம்சம். கிளாஸ்கோவில் போட்ட கோடு சுங்கை சிப்புட்டில் அப்படியே நிற்காது. ஆகவே வரையறையில் ஒரு வரி சேர்க்கிறேன்: “பார்க்கும் பொருளுக்கும் சொல்லும் பொருளுக்கும் உள்ள உறவு ஆளுக்கு ஆள் மாறக்கூடிய இடத்தில் பெறும் அளவு.” இந்த வரையறையில் வெப்பமானி வெளியே நிற்கும், மெட்ரோலாக் உள்ளே வரும், அங்கே ஆளுக்குப் பதில் மரம். உங்கள் கேள்வி இல்லாவிட்டால் இந்த வரி எனக்குக் கிடைத்திருக்காது.

நெற்கதிர் விஷயத்தில், இங்கே எங்களுக்கு வயல் இல்லை; ரப்பரும் செம்பனையும்தான். குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பதிப்புக்குக் ‘கருதலளவு’ என்று நீட்டிக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

நேற்றுத் திடலில் அந்த அக்காவிடம் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கருதளவு என்ற இடத்தில் நிறுத்தி, “அப்ப இது மெட்ரோலாக் மாதிரியா?” என்று அவரே கேட்டார். நான் அந்தப் பக்கத்தில் மெட்ரோலாக் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அதனால் இப்போது முதல் பக்கத்தில் அதன் படத்தைப் போடப் போகிறேன். யார் வீட்டிலாவது பழைய மெட்ரோலாக் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘தன்னொப்பு’ பற்றி இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள்.