வெஸ்ட்மின்ஸ்டர் பால சானெட்: ஆடை உவமை முரணா?

கேள்வி: வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து லண்டனைப் பாடும் சானெட்டில் (14 வரிக் கவிதை) ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், நகரம் காலையின் அழகை ஆடைபோல உடுத்தியிருக்கிறது என்கிறார். அடுத்த வரியிலேயே எல்லாம் மூடலில்லாமல் வெறுமையாகக் (bare) கிடக்கிறது. இது முரண் இல்லையா? உவமை என்று எழுதுவதா, உருவகம் என்றா?

பதில் 1: 'போல' வெளிப்படையாக வருவதால் உவமைதான். ஆனால் நகரம் 'உடுத்துகிறது' என்பது ஆளுருவகம் (உயிரற்றதை ஆளாகக் காட்டுவது), இரண்டையும் சொல்லுங்கள். முரண் மேலோட்டமானது. கப்பல், கோபுரம், குவிமாடம் எல்லாம் புகையில்லாத காற்றில் துலங்குகின்றன. மேலே இருப்பது வெளிச்சம் மட்டும். மறைக்காத ஆடை அது. கழற்றக்கூடியதும்கூட: அடுப்புகள் மூண்டால் போச்சு. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பதில் 2: 9ஆம் வரியில் திருப்பம். பள்ளத்தாக்கு, பாறை, குன்று எதிலும் சூரியன் இவ்வளவு அழகாகத் தோயவில்லை என்கிறார்; இயற்கையைப் பாடுகிறவர் நகரத்துக்கு முதலிடம் தருகிறார். பிறகு ஆறு தன் விருப்பப்படி நழுவுகிறது. நம் தமிழ் அணி இலக்கணக் கணக்கில் இது தற்குறிப்பேற்றம்: இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. கடைசியில் நகரமே அசையாத மாபெரும் இதயம். இதை வெறும் அமைதி என்று முடித்துவிடாதீர்கள். அசையாத இதயத்தில் சாவின் நிழலும் உண்டு.

பதில் 3: தலைப்பில் உள்ள 1802 செப்டம்பர் 3ஐ அப்படியே நம்பவேண்டாம். தங்கை டோரதியின் நாட்குறிப்பில் அவர்கள் பாலம் கடந்தது ஜூலை 31. அச்சானது 1807இல்.