மரண கானா குரலும் 124 பிபிஎம்மும்: கிளப் பீட்ல உருக்கம் நிக்க மாட்டேங்குது

வியாசை லூப்ஸ்:
நாங்க ரெண்டு பேரு, ஒருத்தர் பீட்டு, ஒருத்தர் மிக்ஸிங். ஏழு பாட்டுல ஒரு ஆல்பம். ஆளுங்க ஆடணும், ஆனா சாவு வீட்டு கானாவுல வர்ற அந்த உடைஞ்ச குரலும் அப்படியே கேக்கணும். டெம்போ 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு 124 தட்டு), நாலு தட்டுக்கும் கிக் (டம்முனு விழுற பெரிய டிரம்) இருக்கு. பாட்டு 6/8 நடை. டோலக்கு ஹைஹேட்டோட (டிரம்ல சிக்குனு கேக்குற ஜால்ரா மாதிரி தட்டு) முட்டுது. கிக் வந்ததும் குரல் வெறும் கத்தலா ஆயிடுது. ஹெட்போன்ல பரவால்ல, தெருவுல பாக்ஸ் கட்டி போட்டா குரல் பின்னாடி ஓடிடுது. எங்க தப்பு?

டோலக்கு மண்டை:
முதல்ல முட்டுற கதை. ப்ராஜெக்ட் 4/4லயே இருக்கட்டும், கிரிட்ட (சாஃப்ட்வேர்ல தட்டு விழுற கோடுகள) மட்டும் 1/8 ட்ரிப்ளெட்டுக்கு மாத்துங்க. ஒரு கிக்குக்கு மூணு தட்டு, ரெண்டு கிக் சேர்ந்தா ஒரு 6/8 சுத்து. உங்க ஹைஹேட் ரெண்டு கிக்குக்கு நட்டநடுவுல விழுது. டோலக்கோட மூணாவது தட்டு அதுக்கப்புறம்தான் வரும். 124ல ஒரு பீட்டு 484 மில்லிசெகண்ட், அதனால ரெண்டுக்கும் நடுவுல சுமார் 80 மில்லிசெகண்ட் இடிக்குது. ஹைஹேட்ட மூணாவது தட்டுக்கு நகத்துங்க. இல்ல, தூக்கியே போடுங்க, டோலக்கோட சின்ன பக்கம் அந்த வேலைய பாத்துக்கும். டோலக்க மொத்தமா குவாண்டைஸ் பண்ணிடாதீங்க (எல்லா தட்டையும் கோட்டுல ஒட்ட வெக்காதீங்க), செத்துடும். கிக்கோட விழுற முதல் தட்ட மட்டும் இழுத்து வெச்சா போதும்.

மைக் செட்டு:
கத்தல் மிக்ஸ்ல வர்றதில்ல, ரெக்கார்டிங்லயே வருது. பாடுறவர் காதுல ஃபுல் பீட்ட ஓட விட்டா அதோட போட்டி போட்டு கத்தத்தான் செய்வாரு. கம்மி சவுண்டுல கிக்கு, கூட ஒரு ஸ்ருதி, அவ்ளோதான் குடுங்க. டைனமிக் மைக்க வாயிலருந்து நாலு விரல் தள்ளி வைங்க. எண்ணூர் ரோடு பக்கம் ரூம்னா கன்டெய்னர் லாரி உறுமல் கண்டிப்பா ஏறும், 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. வேற டெம்போல பாடுனத இழுத்து 124க்கு கொண்டு வராதீங்க, ரொம்ப இழுத்தா குரல் தகரம் மாதிரி ஆயிடும். ஆட்டோட்யூன்ல (சுருதிய திருத்துற சாஃப்ட்வேர்) ரீட்யூன் ஸ்பீடு, அதாவது திருத்துற வேகம், 0ல இருந்தா (அதுதான் ரொம்ப வேகம்) கானாவோட இழுப்பு, குழைவு எல்லாம் படிக்கட்டாயிடும். போட்டே ஆகணும்னா 50 பக்கம் வைங்க.

கத்தாமயே ஆட வைக்கலாம்ங்கறதுக்கு ஒரு உதாரணம்: எவ்ரிதிங் பட் த கேர்ள்னு ஒரு இங்கிலாந்து ஜோடியோட 'மிஸ்ஸிங்' பாட்டு 1994 ஆல்பத்துல அமைதியான பாட்டு. டிஜே டாட் டெர்ரி அதுக்கு ஹவுஸ் பீட்டு (நாலு தட்டுக்கும் கிக் வர்ற கிளப் பீட்டு) போட்டாரு. பாடகி ட்ரேசி தார்ன் அதுல எங்கயும் குரல ஏத்தல, ஊரே ஆடுச்சு.

ராயபுரம் பேஸ்:
பாக்ஸ் விஷயம் நான் சொல்றேன். குரல்ல ஸ்டீரியோ வைடனர் (சத்தத்த இடது வலதுன்னு அகலமாக்குற எஃபெக்ட்) போட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன். தெரு செட்டு பெரும்பாலும் மோனோ, எல்லா பாக்ஸ்லயும் ஒரே சத்தம்தான். இடதும் வலதும் ஒண்ணா சேரும்போது ஃபேஸ் அடிச்சு, அதாவது ரெண்டு அலையும் ஒண்ண ஒண்ணு அழிச்சு, குரல் பாதி காணாம போயிடும். மெயின் குரல் நடுவுல மோனோவா நிக்கட்டும், அகலம் வேணும்னா சிந்த்துக்கு (சிந்தசைசர்) குடுங்க. மாஸ்டர்ல மோனோ பட்டன அமுக்கி, சவுண்ட கம்மி பண்ணி கேளுங்க. வார்த்தை புரியலன்னா பாக்ஸ்லயும் புரியாது.

சைட்செயின் (கிக் விழும்போதெல்லாம் மத்த சத்தத்த தானா இறக்குறது) பேஸுக்கும் பேடுக்கும் (பின்னாடி நீளமா ஓடுற சிந்த் சவுண்டு) மட்டும் போடுங்க, ரிலீஸ் (சத்தம் பழைய அளவுக்கு திரும்புற நேரம்) 150லருந்து 200 மில்லிசெகண்ட். குரலையும் அதுல கோத்துட்டா ஒவ்வொரு கிக்குக்கும் வரி விக்கிக்கிட்டே வரும். சிந்த்துல 2லருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் டைனமிக் இக்யூ (சத்தத்துக்கு ஏத்தாப்ல தானா ஏறி இறங்குற ஈக்வலைசர்) போட்டு, குரல் வரும்போது மட்டும் 3 டிபி இறங்க வைங்க.

அழுகை வரிய ட்ராப் (பீட்டு முழுசா வந்து விழுற இடம்) மேல வெக்காதீங்க. கிக்க நிறுத்தி 16 பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) விடுங்க, 124ல அது 31 செகண்டு. கடைசி 4 பார்ல டோலக்கு மட்டும் உள்ள வரட்டும்.

வியாசை லூப்ஸ்:
வைடனர் இருக்கு ப்ரோ, எடுத்துடறேன். வரிக்கு நடுவுல மூச்சு சத்தம் பெருசா கேக்குதே, வெட்டிடலாமா?

மைக் செட்டு:
வெட்டாதீங்க, அதுலதான் பாதி துக்கமே இருக்கு. கம்ப்ரஸர் (பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் கிட்ட கொண்டு வர்ற எஃபெக்ட்) தூக்கிக் குடுக்குறதால பெருசா கேக்குது. கம்ப்ரஸருக்கு முன்னாடியே மூச்ச மட்டும் தனி கிளிப்பா பிரிச்சு 4லருந்து 6 டிபி இறக்குங்க.