புதுப்பிப்பு: கல்லடிக் கிணற்றில் உவர் குறைந்துவிட்டது

போன ஆவணியில், மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக் கிணறு உவர்த்துவிட்டது, ஆழமாக்கலாமா என்று கேட்டிருந்தேன். ஆழமாக்கவில்லை, நல்லகாலம்! கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள இந்த மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இறைத்துக் குறைத்தாலும் கீழிருந்து உப்பு மளமளவென்று ஏறும். ஆழமாக்கியிருந்தால் நாமே போய் அதைத் தொட்டிருப்போம்.

அப்புறம், மோட்டாரை ஒரேயடியாக ஓடவிடாமல் காலை மாலை பத்துப் பத்து நிமிடம் போட்டோம். மாரிக்கு முன் சல்லி நிரப்பிய குழி வெட்டி, மழைநீர் மணலுக்குள் இறங்கட்டும் என்று கூரைப் பீலியை அதில் இறக்கினோம். மலசலகூடக் குழியை விட்டு நன்றாகத் தள்ளி வெட்டுங்கள். இந்த மணலில் அழுக்கும் சீக்கிரம் இறங்கும்.

இப்போது சித்திரை வெயில். சவர்க்காரம் நுரைக்கிறது. அம்மா கிணற்றுத் தண்ணீரிலேயே தேத்தண்ணி ஊற்றுகிறார்.