ரிலீஸில் காணாமல் போன அசெர்ட்: உங்களுக்கும் நடந்ததா?

பாலாற்றங்கரை
ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை. பரப்பளவு அளக்கும் இயந்திரத்துக்கு சி++ நிரல் எழுதியவன் நான். என் கணினியில் டீபக் (பிழை தேட நாம் ஓட்டும் பதிப்பு), ரிலீஸ் (வாடிக்கையாளருக்குப் போகும் பதிப்பு) இரண்டிலும் 212 சோதனைகளும் பச்சை, அதாவது எல்லாம் தேறின. அங்கே போய் நிறுவியதும் ஒரு பெரியவர் ஆட்டுத்தோலை உருளையில் விட்டார். திரையில் 0.0. மறுபடி விட்டார், அதே 0.0. மூன்றாம் முறை தோலைக் கையில் விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, "நாலரை அடி இருக்கும் தம்பி" என்றார். விலையே சதுர அடிக் கணக்கில்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அசெர்ட் என்பது ஒரு நிபந்தனை உண்மையா என்று பார்த்து, பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி. சென்சாரைத் திறக்கும் அழைப்பையே அதன் அடைப்புக்குள் எழுதியிருந்தேன். ரிலீஸில் என்டிபக் (NDEBUG, அசெர்ட்டுகளை நீக்கிவிடும் அமைப்பு) இருப்பதால் அந்த வரியே இல்லை. சோதனைகளையும் அசெர்ட்டில்தான் எழுதியிருந்தேன். அவையும் எதையும் சரிபார்க்காமலே பச்சை காட்டியிருக்கின்றன. அன்றோடு டீபக்கில் சோதனை ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

குடியாத்தம்காரி
அண்ணா, கடைசி வரியை ஏற்க மாட்டேன். நான் ரிலீஸை மட்டும் நம்பிக் கெட்டவள். தீப்பெட்டி பண்டல் எண்ணும் நிரல், எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. கம்பைலரை (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) புதுப்பித்த மறுநாள் எண்ணிக்கை தாறுமாறானது. அப்போதுதான் முதன்முறையாக விஷுவல் ஸ்டுடியோவில் (நிரல் எழுதி ஓட்டும் மென்பொருள்) டீபக்காக ஓட்டினேன். திரையில் -858993460. பார்த்தவர்களுக்குத் தெரியும், தொடக்க மதிப்பு கொடுக்காத மாறி அது; டீபக்கில் அதில் இந்த எண்தான் நிரப்பப்பட்டிருக்கும். ரிலீஸில் தற்செயலாக அங்கே பூஜ்யம் இருந்திருக்கிறது. எட்டு மாதமும் அந்தத் தற்செயலை நம்பித்தான் பண்டல் கட்டியிருக்கிறார்கள். டீபக்கை விட்டுவிடாதீர்கள்.

காட்பாடி ரயிலடி
எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, அது சின்ன விஷயம். ஆனால் இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிரலைக் கட்டமைக்க உதவும் கருவியான சிமேக்கில் டீபக் தவிர மற்ற மூன்று பதிப்பு வகைகளிலும் என்டிபக் தானாகச் சேரும். "பிழைத் தகவலோடு ரிலீஸ்" என்ற வகையில் அசெர்ட் வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள், செய்யாது. சோதனைக் கோப்புகளில் அசெர்ட்டே வேண்டாம். சோதனை எழுத உதவும் நூலகமான கூகுள் டெஸ்ட்டின் எக்ஸ்பெக்ட் என்ற சரிபார்ப்பு வரிகளுக்கு என்டிபக் ஒரு பொருட்டல்ல. விஷுவல் ஸ்டுடியோவில் சிடெஸ்ட் (சிமேக்கின் சோதனை ஓட்டும் கருவி) ஓட்டும்போது எந்த வகை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முக்கியமாக, சோதனைக்காக ரிலீஸில் என்டிபக்கை நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாடிக்கையாளருக்குப் போகாத ஒரு நிரலைத்தான் சோதிக்கிறீர்கள். டீபக், ரிலீஸ் இரண்டையும் ஓட்டுங்கள், முடிந்தால் அட்ரஸ் சானிடைசர் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்டு மூன்றாவதாக ஒன்றும்.

பாலாற்றங்கரை
என்டிபக்கை நீக்கும் யோசனை எனக்கும் வந்தது, நல்லவேளை, செய்யவில்லை. தங்கை சொன்னதும் சரி, டீபக்கைத் திரும்பச் சேர்க்கிறேன். ஆனால் 212 சோதனைகளையும் எக்ஸ்பெக்ட்டுக்கு மாற்றி ரிலீஸில் ஓட்டியபோது 9 சிவப்பாயின. அந்த 9 எத்தனை நாளாக அங்கே இருந்தன என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆற்காடு வாசகர்
அந்தத் தோல் என்ன ஆயிற்று?

பாலாற்றங்கரை
பெரியவர் அதைத் தனியே எடுத்து வைத்திருந்தார். மாலையில் திருத்திய நிரலோடு அவரே உருளையில் விட்டார். 4.6 காட்டியது.