டின்டேலின் புதிய ஏற்பாடு துணி பேலுக்குள் போனது எப்படி?

அம்மாப்பேட்டை வாசகர்:
வணக்கம்ங்க. அக்டோபர் 6, புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேலின் நினைவுநாள். அதையொட்டி ஓய்வுநாள் பள்ளியில் 20 நிமிடப் பாடம் எடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். தடையை மீறி வெளிநாட்டில் அச்சிட்ட அந்தப் புத்தகத்தைத் துணி பேலுக்குள் மறைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால், பேலை இறுக்கிக் கட்டும்போது புத்தகம் முண்டிக்கொண்டு நிற்காதா என்று உடனே கேட்பார்கள். என்ன சொல்வது?

கன்னங்குறிச்சி:
அந்தக் காலத்தில் அச்சகத்திலிருந்து பெரும்பாலும் தைக்காத தாளாகவேதான் சரக்கு போகும். வாங்குகிறவர் தன் ஊரில் பைண்டிங் போட்டுக்கொள்வார். அட்டையில்லாத தாள் துணி மடிப்புக்குள் தட்டையாகப் படுத்துவிடும்.

அளவும் கைகொடுத்தது. 1525இல் ஜெர்மனியின் கொலோனில் குவென்டெல் அச்சகத்தில் தொடங்கியது தாளை இரண்டு முறை மடிக்கும் பெரிய அளவு. மத்தேயு 22 வரை வந்தபோது, அச்சுத் தொழிலாளிகள் குடிபோதையில் உளறியது, இந்த மொழிபெயர்ப்பை எதிர்த்த கத்தோலிக்க அறிஞர் கொக்லேயஸ் காதுக்கு எட்டியது. டின்டேல் அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் ஆற்றில் வோர்ம்ஸ் நகருக்குப் போனார். அங்கே 1526இல் பீட்டர் ஷோஃபர் அச்சிட்டது மூன்று மடிப்புச் சின்ன அளவு, ஓரக்குறிப்புகளும் இல்லை. ஒரு தாளுக்கு 16 பக்கம். சுமார் 700 பக்கத்துக்கு 44 தாள்தான். குறைந்தது 3,000 பிரதி என்று வைத்தாலும் 1,32,000 தாள், ஒவ்வொன்றும் இருபுறமும் அச்சு!

வகுப்பில் செய்தித்தாளை மடித்தே காட்டுங்கள். ஒவ்வொரு மடிப்பும் முந்தையதற்குக் குறுக்கே வர வேண்டும். ஒரே திசையில் மடித்தால் வெறும் பட்டைதான் கிடைக்கும். மூன்று மடிப்பானதும், வெட்டாமல், ஓரங்களை விலக்கி 1 முதல் 16 வரை எண் எழுதச் சொல்லுங்கள். பிரித்தால் பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். விரித்த தாளில் வரிசையாக எழுதிவிட்டு மடித்தால் பக்கங்கள் கலைந்துபோகும். அச்சுக் கோப்பவர் இந்தக் கணக்கோடுதான் எழுத்தை அடுக்க வேண்டும், அதுவும் இடவலம் மாறி.

ஏற்காடு:
கடத்தலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயர்களின் அனுமதி இல்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்கு ஏற்கெனவே தடை இருந்தது. அதற்கு மேல் கோபமூட்டியவை நாலு சொற்கள். ‘சர்ச்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘காங்கிரிகேஷன்’. குருவுக்குப் பதில் மூப்பர். ‘சாரிட்டி’க்குப் பதில் ‘லவ்’. பாவப்பரிகாரம் செய்யுங்கள் என்பதற்குப் பதில் மனந்திரும்புங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் சபை, மூப்பர், அன்பு, மனந்திரும்புதல் என்று படிக்கிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். 1827இல் சேலத்தில் ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷனை நடத்தியவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் சபையார்தான், அதே சொல்!

மேடைகளில் அடிக்கடி தவறாகச் சொல்லப்படுபவை: அவரை உயிரோடு எரிக்கவில்லை, 1536இல் இன்றைய பெல்ஜியத்தின் வில்வோர்டேயில் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகே எரித்தார்கள். தண்டித்தது இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அல்ல, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அதிகாரிகள். முழு வேதாகமத்தையும் அவர் முடிக்கவில்லை. அச்சேறியவை புதிய ஏற்பாடு, 1530இல் ஐந்தாகமங்கள், பிறகு யோனா.

அம்மாப்பேட்டை வாசகர்:
ரொம்ப நன்றிங்க. பாடத்தை எதில் முடிக்கலாம்?

ஏற்காடு:
1535 குளிர்காலத்தில் சிறையிலிருந்து லத்தீனில் எழுதிய கடிதத்தில் முடியுங்கள். கதகதப்பான தொப்பி, மேலங்கி, காலுறைக்கு ஒட்டுப்போடத் துணி, மாலையில் ஒரு விளக்கு, எபிரேய வேதாகமம், எபிரேய இலக்கணம், எபிரேய அகராதி. அவர் கேட்டவற்றில் முக்கியமானவை இவை. இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, கடைசி மூன்றையும் எதற்குக் கேட்டார் என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.